மூணாம் நம்பர் கம்ப்யூட்டரில் விட்டுப்போன சீட்டு

காங்கேயத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி நான் பிரவுசிங் சென்டர் போட்டு 18 வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் எட்டு கம்ப்யூட்டர், இப்போது நான்கு. சாட் பண்ணவும் படம் பார்க்கவும் வந்த பிள்ளைகளெல்லாம் போனுக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு வருகிறவர்கள் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போட, பட்டா சிட்டா எடுக்க, இன்ஜினியரிங் கவுன்சலிங் பார்க்க, வாட்ஸ்அப்பில் வந்த ஆதாரைப் பிரின்ட் போட வருகிறவர்கள். அதாவது முன்னைவிட இப்போதுதான் என் கம்ப்யூட்டர்களில் அடுத்தவர் பார்க்கக் கூடாத விஷயங்கள் அதிகம் திறக்கப்படுகின்றன.

வெப்சைட்டுகள் நம் பிரவுசரில் விட்டுவைக்கிற குக்கீயைப் பற்றி நான் கற்றுக்கொள்ள ஒரு சண்டை காரணம். 2012-இல் நடந்தது. பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி, பிளஸ் டூ முடித்தவள், மூணாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சென்னையில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, சீட்டுக் கிடைத்தால் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். போகும்போது “மெயில மூடிட்டேனுங்கக்கா” என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். மூடியது நிஜம். மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அழுத்தி ஜன்னலை மூடியிருந்தாள். லாக் அவுட் பண்ணவில்லை.

மறுநாள் அதே கம்ப்யூட்டரில் அவள் ஊர்ப் பையன் ஒருவன் உட்கார்ந்தான். தன் மெயிலைத் திறக்கப் போனால் அவள் மெயில் திறந்துகொண்டது. என்னைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துவிட்டான். சாயங்காலம் பால் சொசைட்டியில் அவள் அப்பாவிடமே, “ஏனுங் மாமா, புள்ளையச் சென்னைக்கு அனுப்பறீங்களாமா?” என்று கேட்டிருக்கிறான்.

அடுத்த நாள் நான் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே அந்த அப்பா வாசலில் நின்றார். “ஏனுங்கம்மிணி, எம்புள்ள உங்ககிட்டச் சொன்னாளா, இந்தப் பொட்டிகிட்டச் சொன்னாளா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. பெட்டிக்குள் எது அவளை ஞாபகம் வைத்திருந்தது என்று எனக்கே தெரியாது. சர்வீஸ் பண்ணுகிற தம்பியைக் கூப்பிட்டேன். “குக்கீங்கக்கா, கிளியர் பண்ணிட்டேன்” என்று சொல்லி 150 ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். அதற்கப்புறம் நானாகக் கேட்டும் படித்தும் நோண்டியும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாவு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். நோம்பிக்கு முந்தின வாரம். கூட்டம். நீங்கள் தூக்குப்போசியில் இரண்டு கிலோ மிளகாய் கொண்டுபோகிறீர்கள். மில்காரர் ஒரு துண்டுச் சீட்டில் 47 என்று எழுதி உங்கள் கையில் கொடுக்கிறார். தன் நோட்டில் ‘47 – மிளகாய், இரண்டு கிலோ, நைஸாக’ என்று எழுதிக்கொள்கிறார். நீங்கள் சந்தைக்குப் போய்விட்டு வந்து சீட்டை நீட்டினால் தூள் வருகிறது. உங்கள் முகம் அவருக்கு ஞாபகம் இருக்க வேண்டியதில்லை.

வெப்சைட் அந்த மில்காரரைவிட மறதி பிடித்தது. நீங்கள் ஒவ்வொரு தடவை ஒரு பக்கத்தைத் திறக்கும்போதும் அதற்கு நீங்கள் புது ஆள்தான். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய், அடுத்த பக்கத்தைச் சொடுக்கினால், ‘நீ யார்?’ என்று மறுபடி கேட்க வேண்டிய நிலைமை. இணையத்தை அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். அதனால் முதல் தடவையே சைட் உங்கள் பிரவுசரிடம் ஒரு சீட்டைக் கொடுத்துவிடுகிறது. பிரவுசர் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதே சைட்டுக்குப் போகும்போதெல்லாம் கேட்காமலே நீட்டுகிறது. அந்தச் சீட்டுத்தான் குக்கீ. 4096 பைட்டுக்குள் அடங்குகிற சின்ன எழுத்துத் துண்டு. தானாக ஓடாது, வைரஸ் இல்லை, உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற போட்டோவைப் போய்ப் பார்க்காது. பெரும்பாலும் அதில் உங்கள் பேர்கூட இருக்காது, வெறும் நம்பர்தான். விவரமெல்லாம் மில்காரர் நோட்டில், அதாவது அவர்கள் சர்வரில்.

மில் சீட்டில் இன்னொன்றும் இருக்கிறது. 47-ஆம் நம்பர் சீட்டு வேறு யார் கையில் கிடைத்தாலும் மிளகாய்த்தூள் அவருக்குத்தான் போகும். மூணாம் நம்பர் கம்ப்யூட்டரில் நடந்தது அதுதான். அந்தப் பெண் சீட்டைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனாள், அடுத்து உட்கார்ந்தவனுக்காகப் பிரவுசர் அதை நீட்டிவிட்டது. லாக் அவுட் என்பது சீட்டைக் கிழிப்பது மட்டுமில்லை, மில்காரர் நோட்டில் 47-ஐ அடிப்பதும் சேர்த்து. அவள் ஜன்னலை மூடினபோது இரண்டும் நடக்கவில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் லூ மொன்டுல்லி, 1994-இல் நெட்ஸ்கேப் என்கிற பிரவுசர் கம்பெனியில் வேலை பார்த்தவர். இணையக் கடையில் கூடையில் போட்ட சாமான் அடுத்த பக்கம் போனதும் மறைந்துபோகாமல் இருக்க ஒரு வழி தேவைப்பட்டது, அதற்காகச் செய்தார். யூனிக்ஸ் என்கிற பழைய கம்ப்யூட்டர் சிஸ்டத்தில் வேலை பார்த்தவர்கள் ‘மேஜிக் குக்கீ’ என்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள், பேர் அங்கிருந்து வந்தது. தின்கிற பிஸ்கட்டுக்கும் இதற்கும் அவ்வளவுதான் சொந்தம்.

கண்ணால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்

சொன்னால் புரியாதது பார்த்தால் புரியும். கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து ஏதாவது ஒரு செய்தி சைட்டுக்குப் போங்கள். கீபோர்டில் மேல் வரிசையில் இருக்கிற எஃப் 12 பட்டனை அழுத்துங்கள். பக்கத்தில் ஒரு பலகை திறக்கும். பயப்பட வேண்டாம், நீங்கள் எதையும் உடைத்துவிட மாட்டீர்கள். மேலே வரிசையில் ‘அப்ளிகேஷன்’ என்று இருக்கும், இடம் பற்றாமல் இரட்டை அம்புக்குறிக்குள் ஒளிந்தும் இருக்கும். அதற்குள் இடது பக்கம் ‘குக்கீஸ்’. அதைச் சொடுக்கினால் சைட்டின் பேர். அதையும் சொடுக்கினால் கட்டம் கட்டமாக ஒரு பட்டியல் விரியும்.

முதல் தடவை நான் அதைப் பார்த்தபோது ரேஷன் கடை ரிஜிஸ்டர் மாதிரி இருந்தது. நான்கு கட்டத்தைப் பார்த்தால் போதும். முதலாவது குக்கீயின் பேர். இரண்டாவது அதன் மதிப்பு, தாறுமாறான எண்ணும் எழுத்தும். மூன்றாவது டொமைன், அதாவது சீட்டு எந்த சைட்டுக்குச் சொந்தம் என்பது. நான்காவது காலாவதித் தேதி. அந்தத் தேதி இடத்தில் ‘செஷன்’ என்று மட்டும் இருந்தால் பிரவுசரை மூடியதும் போய்விட வேண்டிய சீட்டு. தேதி போட்டிருந்தால் அந்தத் தேதிவரை பெட்டிக்குள் கிடக்கும். லாகின் பக்கத்தில் ‘என்னை ஞாபகம் வைத்துக்கொள்’ என்கிற சின்னக் கட்டத்தில் டிக் போட்டால் முதல் ரகம் இரண்டாம் ரகமாகிவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு நடந்ததும் அதே டிக்தான்.

பட்டியலில் ‘_ஜிஏ’ என்ற பேரில் ஒன்று அடிக்கடி கண்ணில் படும். கூகுள் அனலிடிக்ஸ் வைத்திருக்கிற சைட்டுகள் போடுவது, எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ண. அதன் மதிப்பில் கடைசிப் புள்ளிக்கு அப்புறம் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். 1970 ஜனவரி 1-இலிருந்து எத்தனை செகண்டு என்கிற கணக்கு அது. 1700000000 என்றிருந்தால் 2023 நவம்பர் 15, விடிகாலை 3 மணி 43 நிமிஷம். அந்தப் பிரவுசரிலிருந்து அந்த சைட்டுக்குள் முதல் தடவை கால் வைத்த நேரம். உங்கள் எண்ணை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் பார்த்தபோது ஏழு மாசத்துக்கு முந்தைய ஒரு ராத்திரி வந்தது. தூக்கம் வராமல் இட்லிப் பொடிக்கு எள்ளு எவ்வளவு என்று தேடிக்கொண்டிருந்த ராத்திரி. நான் மறந்தே போயிருந்தேன்.

கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால்

என் கடையாகட்டும், வேறு எந்தக் கடையாகட்டும், ஆபீசாகட்டும், ஒறம்பரை வீட்டு லேப்டாப்பாகட்டும், நீங்கள் செய்ய வேண்டியது இது.

உட்கார்ந்ததும் இன்காக்னிட்டோ ஜன்னல் திறங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரோமில் கறுப்பாகத் திறக்கும். ஃபயர்ஃபாக்ஸில் கடைசி எழுத்து மட்டும் ‘பி’. இதில் வாங்குகிற சீட்டெல்லாம் அந்த ஜன்னலோடு போய்விடும். ஆனால் இன்காக்னிட்டோ ஜன்னல் இரண்டு மூன்று திறந்திருந்தால் அத்தனையையும் மூட வேண்டும். ஒன்றை மூடி இன்னொன்றை விட்டுவிட்டால் சீட்டு உயிரோடுதான் இருக்கும். இதைத் தெரியாமல் போகிறவர்கள் வாரத்துக்கு ரெண்டு பேராவது இருக்கிறார்கள். இன்னொன்று, கறுப்பு ஜன்னலில் போனால் யாருக்கும் தெரியாது என்று சில பையன்கள் தைரியமாக இருக்கிறார்கள். நெட் கொடுக்கிற கம்பெனிக்கும் தெரியும், போகிற சைட்டுக்கும் தெரியும். அந்தக் கம்ப்யூட்டரின் பிரவுசர் மட்டும்தான் மறந்துபோகிறது.

வேலை முடிந்ததும் லாக் அவுட். இன்காக்னிட்டோவாக இருந்தாலும் லாக் அவுட். அதற்கப்புறம்தான் பெருக்கல் குறி. பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று பிரவுசர் கேட்டால் ‘நெவர்’.

அடுத்தது வாட்ஸ்அப் வெப். என் கடையில் இன்றைக்கு அதிகம் விட்டுப்போவது இதுதான். போனில் இருக்கிற பிடிஎஃப்பைப் பிரின்ட் போட கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுகிறார்கள், பிரின்ட் வந்ததும் பேப்பரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இது குக்கீயில் இல்லாமல் பிரவுசரின் வேறொரு அறையில் தங்குகிறது, ஆனால் பலன் ஒன்றே: உங்கள் குடும்பச் சண்டை என் ஸ்கிரீனில் ஓடிக்கொண்டிருக்கும். இப்போதே உங்கள் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து ‘லிங்க்டு டிவைசஸ்’ என்பதைப் பாருங்கள். ஞாபகம் இல்லாத கம்ப்யூட்டர் எதாவது இருந்தால் தட்டி லாக் அவுட் கொடுங்கள். கூகுள் கணக்குக்கும் இதே மாதிரி இடம் இருக்கிறது. கணக்கு அமைப்பில் ‘செக்யூரிட்டி’க்குள் ‘யுவர் டிவைசஸ்’. வீட்டுக்குப் போனபின் ஞாபகம் வந்தாலும் அங்கிருந்தே என் கடைக் கம்ப்யூட்டரின் சீட்டைச் செல்லாமல் ஆக்கலாம். அந்த 2012-இல் எனக்கு இது தெரிந்திருந்தால்...

பிரின்ட்டுக்காக இறக்கிய ஆதாரும் மார்க் ஷீட்டும் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரில் கிடக்கும். குக்கீயை எத்தனை துடைத்தாலும் அது போகாது. அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிவிட்டுக் கிளம்புங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கடை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: குரோம் செட்டிங்ஸில் ‘சைட் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘ஆன் டிவைஸ் சைட் டேட்டா’. அங்கே, எல்லா ஜன்னலையும் மூடும்போது சைட்டுகள் சேமித்ததை அழித்துவிடு என்று ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டுவிடுங்கள். ‘விட்ட இடத்திலிருந்து தொடர்’ என்கிற ஸ்டார்ட்அப் தேர்வை எடுத்துவிடுங்கள். அல்லது புரொஃபைல் படத்தைச் சொடுக்கி ‘கெஸ்ட்’ ஜன்னலைத் திறந்தே வாடிக்கையாளரிடம் விடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஆள் மாறும்போது ஜன்னலை நானே மூடிப் புதிதாகத் திறப்பேன். டீக்கடையில் டம்ளர் கழுவுகிற மாதிரி ஒரு கை வேலை, பழகிவிட்டது.

சொந்தப் போனில்

போன மார்கழியில் களத்துக்கார அண்ணன் ஒருவர் வந்தார். வெள்ளகோவில் ரோட்டில் தேங்காய்க் களம் வைத்திருப்பவர், கொப்பரை ஏல விலையைப் பிரின்ட் எடுக்க வருவார். “அம்மிணி, இந்தப் போன் நாம்பேசறத ஒட்டுக் கேக்குதுங்க” என்றார். தோட்டத்து போர்வெல்லுக்கு ஏழரை ஹெச்பி மோட்டார் விலை பார்த்திருக்கிறார், ஒரே ஒரு சைட்டில். அதிலிருந்து ராசிபலன் திறந்தால் மோட்டார், கிரிக்கெட் ஸ்கோர் திறந்தால் மோட்டார், இழவு வீட்டுக்குப் போக பஸ் டைம் பார்த்தால் அங்கேயும் மோட்டார்.

“ஏனுங்ணா, அது ஒட்டுக் கேக்கலீங்க, உங்க பொறத்தால நடந்து வருது” என்றேன்.

மறுபடி மாவு மில்லுக்கு வாங்க. மில் வாசலில் ஒரு ஆள் நிற்கிறான், மில்லுக்குச் சொந்தக்காரன் இல்லை. நீங்கள் உள்ளே நுழையும்போது உங்கள் பையில் அவனும் ஒரு சீட்டுப் போடுகிறான். அங்கிருந்து செக்குக்குப் போகிறீர்கள், அங்கேயும் அவன் ஆள். உங்கள் பையில் இருக்கிற சீட்டு நம்பரைப் பார்த்து நோட்டில் ‘மில்லுக்குப் போனார், செக்குக்கு வந்தார்’ என்று எழுதுகிறான். உரக்கடை, நகைக்கடை, ஆஸ்பத்திரி, எல்லா வாசலிலும் அவன் ஆளே. ஒவ்வொரு கடைக்காரருக்கும் உங்களைப் பற்றி அவர் கடைச் சமாசாரம் மட்டும் தெரியும். அவனுக்கு மொத்தமும் தெரியும். ஒரு பக்கத்தில் விளம்பரக் கம்பெனியின் படமோ நிரலோ பதிந்திருந்தால், அதை இறக்கும்போது பிரவுசர் அந்தக் கம்பெனிக்குச் சொந்தமான சீட்டையும் நீட்டிவிடும், எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்ற தகவலும் கூடவே போய்விடும். மூன்றாம் தரப்புக் குக்கீ என்பது இதுதான். குக்கீ மேல் எனக்கு இருக்கிற கோபம் முழுக்க இந்த வாசல்காரன் மேல்தான். மில்காரர் சீட்டு இல்லாமல் மில்லே ஓடாது.

இவனைத் தடுப்பது சுலபம். ஆப்பிள் போனின் சஃபாரி 2020 மார்ச்சிலிருந்தே மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுசாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022-இலிருந்து ஒவ்வொரு சைட்டுக்கும் தனித்தனிச் சீட்டு டப்பா வைத்துவிட்டது, ஒரு டப்பாவில் போட்டது இன்னொரு டப்பாவில் தெரியாது. குரோம் மட்டும், 2020 ஜனவரியில் ‘இரண்டு வருஷத்தில் எடுத்துவிடுவோம்’ என்று சொல்லி, தள்ளித் தள்ளி, 2025 ஏப்ரலில் ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிட்டது. நம்மூரில் பத்துக்கு ஒன்பது போனில் நான் பார்ப்பது குரோம். அதனால் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குரோமில் மேலே மூன்று புள்ளி, ‘செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘தேர்ட் பார்ட்டி குக்கீஸ்’. அதில் ‘பிளாக்’. அவ்வளவுதான். ஏதாவது ஒரு சைட் இதனால் அடம்பிடித்தால் கம்ப்யூட்டரில் முகவரிப் பட்டையில் கண் மாதிரி ஒரு குறி வரும், அதைத் தட்டி அந்த ஒரு சைட்டுக்கு மட்டும் கொஞ்ச நாளைக்கு அனுமதி கொடுக்கலாம். எனக்கு இதுவரை அப்படித் தேவைப்பட்டது இரண்டு தடவை.

ஏற்கெனவே சேர்ந்துபோன சீட்டுகளை அழிக்க அதே இடத்தில் ‘டெலீட் பிரவுசிங் டேட்டா’. ‘ஆல் டைம்’ என்று வைத்து, குக்கீக்கு மட்டும் டிக் போட்டு அழியுங்கள். ‘பாஸ்வேர்டு’ என்பதில் டிக் விழுந்துவிடாமல் பாருங்கள். அழித்தால் பெரும்பாலான சைட்டிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள், மறுபடி லாகின் பண்ண வேண்டும். அதனால் மெயில் பாஸ்வேர்டு ஞாபகம் இல்லாதவர்கள் முதலில் அதைச் சரி பண்ணிவிட்டு அப்புறம் கை வையுங்கள். தினமும் துடைக்கச் சொல்லி சிலர் வீடியோ போடுகிறார்கள். வேண்டாத வேலை. வாசல்காரனைத் தடுத்துவிட்டால் மில் சீட்டு பாட்டுக்கு இருக்கட்டும்.

ஆப்களுக்குள் வருகிற விளம்பரம் குக்கீயால் வருவதில்லை. ஆண்ட்ராய்டு போனுக்கென்று ஒரு விளம்பர எண் உண்டு. போனின் செட்டிங்ஸில் ‘கூகுள்’, அதற்குள் ‘ஆட்ஸ்’, ‘டெலீட் அட்வர்டைசிங் ஐடி’. போன் மாடலைப் பொறுத்து ஒரு படி முன்பின் இருக்கும்.

களத்துக்கார அண்ணனுக்கு இரண்டையும் செய்துகொடுத்தேன். பத்து நாள் கழித்து வந்தார். “மோட்டார் போயிருச்சுங் அம்மிணி. இப்பத் தவுடு, புண்ணாக்கு வருதுங்க.” அதே கணக்கில் லாகின் ஆகியபடியே கூகுளில் மாட்டுத்தீவனம் தேடியிருக்கிறார். கணக்குக்குள் இருந்துகொண்டு தேடுவதற்கு யார் சீட்டும் தேவையில்லை, பேர் போட்டே எழுதிக்கொள்வார்கள். அதற்குக் கணக்கின் ‘மை ஆட் சென்டர்’ பக்கத்தில் தனிப்பட்ட விளம்பரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினாலும் விளம்பரம் வரும், உங்களைப் பார்த்து வராது, அவ்வளவுதான்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். சும்மா கிடைக்கிறதே என்று கிராக் பண்ணின போட்டோஷாப்பையும் கேமையும் இறக்குகிறார்களே, அதற்குள் சீட்டுத் திருடும் நிரல்கள் ஒளிந்து வருகின்றன. அவை பாஸ்வேர்டைக் கேட்பதில்லை. பிரவுசரில் இருக்கிற லாகின் குக்கீயை அப்படியே நகல் எடுத்து அனுப்பிவிடுகின்றன. திருடியவன் தன் கம்ப்யூட்டரில் அதைப் போட்டால் ஓடிபி இல்லாமலே உள்ளே போய்விடலாம், ஏனென்றால் ஓடிபி எல்லாம் முடிந்தபின் கொடுத்த சீட்டு அது. யூடியூப் சேனல்களை இப்படிப் பிடுங்கிக்கொண்ட கும்பல்களைப் பற்றி 2021 அக்டோபரில் கூகுளே எழுதியது. சந்தேகம் வந்தால் வேறொரு சுத்தமான போனிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லா டிவைசிலிருந்தும் லாக் அவுட் கொடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் பண்ணுங்கள்.

‘அக்செப்ட் ஆல்’ பற்றி

சைட் திறந்ததும் பாதி ஸ்கிரீனை மறைத்துக்கொண்டு வருகிற அந்தப் பலகை ஐரோப்பாவின் சட்டத்தால் வந்தது. அங்கே அவசியமில்லாத குக்கீ போட முன்கூட்டியே சம்மதம் கேட்க வேண்டும், 2018 மே மாசத்திலிருந்து அந்தச் சம்மதம் எப்படி இருக்க வேண்டும் என்பதும் கடுமையாகிவிட்டது. பலகையில் பச்சையாகப் பெரிய பட்டன் ஒன்று, பக்கத்தில் சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்து. அந்தச் சின்ன எழுத்தைத் தட்டுங்கள். ‘ரிஜெக்ட் ஆல்’ அல்லது ‘நெசசரி ஒன்லி’ என்று இருக்கும். சில சைட்டில் ‘மேனேஜ்’ என்பதற்குள் புதைத்திருப்பார்கள். ஒத்துக்கொள்ள ஒரு சொடுக்கு, மறுக்க நாலு சொடுக்கு என்று வைப்பது தப்பு என்றுதான் பிரான்ஸ் நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. மறுத்தால் சைட் வேலை செய்யாதோ என்கிற பயம் வேண்டாம். லாகின் குக்கீ ‘அவசியம்’ என்கிற கணக்கில் எப்படியும் வந்துவிடும்.

நம் நாட்டில் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வந்தன. கம்பெனிகள் செய்ய வேண்டிய பெரும்பாலான காரியங்களுக்கு அதிலிருந்து 18 மாசம் தவணை. அதில் எனக்குப் பிடித்தவை இரண்டு. சம்மதம் கேட்கிற வாசகத்தை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும் பார்க்க வழி வேண்டும், தமிழ் அதில் இருக்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்குவது, கொடுத்தது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்.

எங்கள் கடைக்கு ஒரு சைட்

போன வருஷம் அண்ணன் மகன், கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறவன், கடைக்கு ஒரு சைட் பண்ணிக் கொடுத்தான். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் ஆர்டர் எடுக்க. திறந்து பார்த்தால் அதே பலகை. ‘உங்கள் தனியுரிமையை மதிக்கிறோம்’ என்று எங்கிருந்தோ நகல் எடுத்துப் போட்டிருந்தான்.

“எதுக்குடா இது?”

“எல்லா சைட்லயும் இருக்குதுங்கத்தை.”

எஃப் 12-ஐ அழுத்தினேன். 11 குக்கீ. பத்திரிகை அச்சடிக்கிற கடைக்கு 11 எதுக்கு? ஒவ்வொன்றாக யாருடையது என்று பார்த்தோம். மூன்று, கூட்டம் எண்ணுகிற நிரலுடையது. நான்கு, கடை வீடியோவைப் பதித்ததில் வந்தவை. இரண்டு, ஏதோ ஒரு ‘லைக்’ பட்டன் போட்டவை. ஒன்று, மொழி மாற்றுவதற்கு. ஒன்றே ஒன்று, நான் உள்ளே போய் ஆர்டர் பார்க்கிற லாகின் குக்கீ.

கூட்டம் எண்ணுவதை எடுத்தோம். வீடியோவைப் பதிக்காமல் லிங்க் மட்டும் கொடுத்தோம். லைக் பட்டனைத் தூக்கினோம். தமிழ் ஒன்றே போதும் என்று மொழி மாற்றும் குக்கீயும் போயிற்று. மிச்சம் ஒரு குக்கீ. அதற்கு மூன்று பூட்டு போடச் சொன்னேன், பட்டியலின் கடைசிக் கட்டங்களில் டிக் தெரிகிறதா என்று நானே பார்த்தேன். ‘செக்யூர்’ இருந்தால் பூட்டுப் போட்ட இணைப்பில் மட்டும்தான் சீட்டு நகரும், பொது வைஃபையில் நடுவில் ஒருவன் எட்டிப் பார்க்க முடியாது. ‘ஹெச்டிடிபி ஒன்லி’ இருந்தால் பக்கத்துக்குள் எவனாவது கள்ள நிரலை நுழைத்தாலும் அதனால் சீட்டைப் படிக்க முடியாது. ‘சேம்சைட்’ கட்டத்தில் ‘லாக்ஸ்’ என்று இருந்தால், வேறொரு சைட்டில் நான் ஏதோ பட்டனை அழுத்த, அது என் பேரில் என் சைட்டுக்கு ஆர்டர் அனுப்பப் பார்த்தால், சீட்டு கூடப் போகாது. இது போக, லாகின் ஆனதும் சீட்டு நம்பரைப் புதிதாக மாற்று, லாக் அவுட் கொடுத்ததும் சர்வரில் இருக்கிற நோட்டிலும் அடி என்று சொன்னேன். கடைசியாகச் சொன்னதை அவன் செய்திருக்கவில்லை. பிரவுசரில் இருக்கிற சீட்டை மட்டும் கிழித்துவிட்டு விட்டிருந்தான். மூணாம் நம்பர் கம்ப்யூட்டர் கதையை அவனுக்கு அப்போதுதான் சொன்னேன்.

பலகையை எடுத்துவிட்டோம். அடியில் நாலு வரி மட்டும்: ‘இந்தப் பக்கம் வாடிக்கையாளர் கணினியில் குக்கீ எதுவும் வைப்பதில்லை. ஆர்டருக்குக் கேட்கும் பேரும் போன் நம்பரும் பத்திரிகை டெலிவரி ஆனபின் 30 நாளில் அழிக்கப்படும். முன்கூட்டி அழிக்க வேண்டுமானால் கடை நம்பருக்குச் சொல்லுங்கள். விளம்பரத்துக்கு யாருக்கும் கொடுப்பதில்லை.’

அவனுக்கு மனசு ஆறவில்லை. “எண்றதையும் எடுத்துட்டா, எத்தன பேரு வந்தாங்கன்னு எப்படிங்கத்தை தெரியும்?”

“ராத்திரி கல்லாவ எண்ணறமில்ல” என்றேன்.